எங்கடை கிணறு

போட்டோக்கொப்பிக் கடையின் பின்பாதி என்னுடையது.
மேசையும் முத்திரையும் என்னுடையவை.
கதவு அவர்களுடையது.
தமிழை ஆங்கிலமாக்கப் பக்கம் எண்ணூறு ரூபா,
உறுதிப் பத்திரமென்றால் ஆயிரம்.
இருபத்தொரு வருடத்தில்
பெயர்ச்சொல்லால் எனக்கொரு தொல்லையும் வந்ததில்லை.
கோண்டாவில் கோண்டாவில்தான்.
இரண்டு பரப்பு இரண்டு பரப்புத்தான்.
பெயர் தான் வராமல்
பதிலாளை அனுப்புகிறபோதுதான் கரைச்சல்.

இராசமலர் வெங்காயம் கிண்டிய கையோடு வந்தாள்,
நகத்தில் செம்மண்.
கொப்பித்தாளில் நான்கு பக்கக் கடிதம்,
செத்துப்போன தமையனின் மகளுக்கு, ஸ்காபரோவுக்கு.
பிள்ளைக்குத் தமிழ் கேட்டால் விளங்குமாம்,
வாசிக்கத் தெரியாதாம்.
பங்குக் கிணற்றில் தகப்பனின் காற்பங்கு
இப்போது அந்தப் பிள்ளையில் நிற்கிறது.
கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும்.

இரண்டாம் வரியிலேயே இடறினேன்:
'உவள் கொம்மா.'
இவள் என்றால் என் பக்கத்தில்,
அவள் என்றால் எங்கோ.
உவள் என்றால் உன் பக்கத்தில்,
நீ தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிற கைக்காரி.
கொம்மாவுக்குள்ளே ஓர் 'உன்' வேறு
சீனி மாதிரிக் கரைந்து கிடக்கிறது.
ஆங்கிலம் எனக்குத் தந்தது ஒரேயொரு ஷீ.
தூரமுமில்லை, கோபமுமில்லை.
பிள்ளையின் தாய், அவள், என்று அடித்துவிட்டு
அடுத்த வரிக்குப் போனேன்.

முதற் பக்கத்தில் தமையன் 'அவர்'.
காணி பிரித்த வருடம் வந்ததும் 'அவர்' தேய்ந்து
மூன்றாம் பக்க நடுவில் 'அவன்'.
எனது தட்டச்சில் அந்த இறக்கம் முழுக்கச் சமதரை,
ஹீ, ஹீ, ஹீ.
தான்தான் கிணறு வெட்டினதென்று
அவன் ஊரெல்லாம் சொன்னானாம்.
அந்தச் சின்னத் 'தா'னுக்கு
ஹிம்செல்ஃப் என்றொரு நிலைக்கண்ணாடி
தூக்கி வைக்கவேண்டியிருந்தது.

கடைசிப் பக்கத்தில்
'இது எங்கடை கிணறு' நான்கு தரம்.
நான்காவதின் கீழே கோடு,
பேனை தாளைக் கிழித்திருந்தது.
எங்களூரில் 'நாம்' மேடைக்கு மட்டுந்தான் ஏறும்.
பேச்சில் எல்லாரும் நாங்கள்.
கேட்கிறவரை உள்ளே எடுத்ததா
படலைக்கு வெளியே விட்டதா என்று
குரல்தான் சொல்லும்.
இராசமலரின் கோடு சொன்னது: வெளியே.
ஆங்கிலத்து 'அவ'ருக்குக் குரலில்லை.
(தமிழில் படித்தால் இன்னோர் ஆளாகிவிடும் அந்தச் சொல்லை
நான் நான்கு தரம் அடித்தேன்.)
மொழிபெயர்ப்பாளர் குறிப்பென்று
அடியில் ஒரு வரி போட்டிருக்கலாம்.
மின்சாரம் போகப்போகிற நேரம்.
கோட்டை மட்டும் மறக்காமல் போட்டேன்.

ஐந்து கிழமையால் பதில் வந்தது.
அதையும் என்னிடமே கொண்டுவந்தாள்,
இந்தமுறை கை கழுவி.

'எங்களுடைய கிணறு என்று
கீழே கோடும் போட்டு எழுதியிருந்தீர்கள்.
எனக்கு ஒரு கிணறு இருப்பது தெரியாது.
அப்பா சொன்னதில்லை.
யாரும் எதையும் எங்களுடையது என்று
எனக்கு எழுதியதுமில்லை.
அது எவ்வளவு ஆழம்?
யூலையில் வந்தால் பார்க்கலாமா?
ஆரபி.'

கையெழுத்தைப் பற்றி ஒரு சொல்லுமில்லை.

அவளுடைய 'யூ'வை
நீ ஆக்குவதா, நீர் ஆக்குவதா, நீங்களா?
கேட்காமலே நீங்கள் ஆக்கினேன்,
முன்னால் ஒரு 'மாமி'யும் வைத்தேன்.
அதற்குக் காசு எடுக்கவில்லை.

வாசித்து முடித்தபோது
முன்கடை இயந்திரம் யாருடையதோ
அடையாள அட்டையை வெளிச்சம் போட்டுப் பார்த்தது.
'ஆற்றை கிணறெண்டு எழுதியிருக்கிறாள்?'
என்றாள் இராசமலர்.

'எங்கடையாம்' என்றேன்,
குரலில் ஒன்றும் ஏற்றாமல்.

சீலைத் தலைப்பில் காசு தேடினாள்,
கனநேரம் தேடினாள்.
'முப்பத்தொரு அடி' என்றாள் பிறகு.
'எழுதுங்கோ. மாரியிலை எண்டால்
குனிஞ்சு கையாலை அள்ளலாம்.'